கதவு சாத்தியிருக்கும் நாளில் நோயாளிக்குத் துணை நிற்பது எப்படி: குமரி மாவட்டத்தவருக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தவுடன் வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்கிற முதல் காரியம், இரவில் யார் கூட நிற்பது என்பதுதான். மாற்று உடுப்பு, பாய், போர்வை, பிளாஸ்க், கஞ்சிக்கு ஒரு தூக்குவாளி என்று பை தயாராகிவிடும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், தக்கலை அரசு மருத்துவமனையானாலும், லண்டன் மிஷன் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய நெய்யூரானாலும் இந்த வழக்கத்தில் மாற்றமில்லை. களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்த ஆளை அங்குள்ள பேச்சுப்படி ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். இங்கே ‘அட்டெண்டர்’ என்றும் ‘கூட நிற்கிற ஆள்’ என்றும் சொல்கிறோம். பெயர் எதுவானாலும், மருந்து வாங்கி வருவதும், பரிசோதனை முடிவை எடுத்து வருவதும், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது இரவில் நடந்ததைச் சொல்வதும் அவர்தான்.

அவசரகாலம் ஒன்று வந்தால் முதலில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறவரும் அவரே. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல், 2020-லும் 2021-லும் கோவிட், 2021 நவம்பர் மழைவெள்ளம் என்று இருபது ஆண்டுகளுக்குள் இந்த மாவட்டம் பலவிதமான அவசரநிலைகளைக் கண்டிருக்கிறது. அத்தகைய நாளில் நோயாளி தமக்கு வேண்டியவரைத் தம்மருகே வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் எவ்வளவு இடமிருக்கிறது, அந்த இடத்தை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பார்வையாளர் வேறு, துணையாள் வேறு

வாசலில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. ஆரஞ்சுப்பழப் பையோடு நலம் விசாரிக்க வருகிறவர் பார்வையாளர். அவர் வராவிட்டால் நோயாளிக்கு மனவருத்தம் இருக்கலாம், சிகிச்சை தடைபடாது. நோயாளியால் தாமாகச் செய்ய முடியாத ஒன்றைச் செய்துதரவோ, அவரால் சொல்ல முடியாத ஒன்றை அவருக்காகச் சொல்லவோ இருக்கிறவர் துணையாள். அவர் இல்லாவிட்டால் சிகிச்சையிலேயே குறை விழும். தொற்றுக் காலத்தில் பார்வையாளரைத் தடுக்க மருத்துவமனைக்கு முழு நியாயம் உண்டு. துணையாளைத் தடுப்பதற்கு அதே நியாயம் போதாது. ஆனால் நீங்கள் துணையாள் என்பதை நீங்கள்தான் காரணத்தோடு காட்ட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். 2021 மே மாதத்தில் எழுபது வயதைக் கடந்த என் அத்தையைக் கோவிட் காரணமாக ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உறவினர் எவருக்கும் உள்ளே அனுமதி இல்லை. இரண்டு நாள் வாசலில் நின்று, ‘ஒரு தடவை பார்க்க விடுங்கள்’ என்று செக்யூரிட்டியிடமும், வெளியே வந்துபோன ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் பேசிய நர்ஸ், ‘அம்மா கேட்பதற்குப் பதிலே சொல்வதில்லை, கொஞ்சம் குழப்பமாக இருக்கிறார்’ என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது டிவி ஸ்டாண்டின் மேல் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் அத்தையின் காது மெஷின் இருந்தது. 108 வண்டியில் ஏற்றும் அவசரத்தில் கழற்றி வைத்ததை எல்லோரும் மறந்திருந்தோம். அன்று மாலையே அரைப் பக்கக் கடிதம் எழுதினேன். வலது காதில் மெஷின் இல்லாமல் அவருக்கு எதுவும் கேட்காது என்பதையும், குழப்பமென்று கருதப்படுவது கேளாமையாக இருக்கலாம் என்பதையும், மெஷினைப் பொருத்தத் தெரிந்தவர் ஒருவர் பத்து நிமிடம் உள்ளே வந்தால் போதும் என்பதையும் அதில் சொல்லியிருந்தேன். ஒரு மணி நேரத்தில் நிலைய மருத்துவ அலுவலர் அழைத்தார். உள்நோயாளி எண் எழுதிய ஜிப் கவரில் மெஷினும், ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள் கொண்ட 13-ஆம் எண் பேட்டரி அட்டையும் உள்ளே போயின. முழுக் கவச உடை அணிந்து நானும் பதினைந்து நிமிடம் உள்ளே போனேன். இரண்டு நாள் கெஞ்சியும் அசையாத கதவு அரைப் பக்கக் காகிதத்துக்குத் திறந்தது. அந்தக் காகிதத்தில் என் ஆசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோயாளிக்கு என்ன குறைகிறது என்பது மட்டுமே இருந்தது.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்

உள்ளதை உள்ளபடி சொல்வதானால், எல்லா நோயாளிகளுக்கும் எல்லா மருத்துவமனைகளிலும் பொருந்தும் வகையில், ‘உறவினரைச் சந்திக்கும் உரிமை’ என்று தனித்தலைப்பிட்ட சட்டப்பிரிவு ஒன்றை நீட்டிக்காட்டி இங்கே வாதாட முடியாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளிலும் அப்படி ஒரு தலைப்பு இல்லை. ஆனால் நோயின் தன்மை, சிகிச்சை, ஏற்படக்கூடிய சிக்கல்கள் ஆகியவை பற்றிப் புரியும் மொழியில் தகவல் பெறும் உரிமை, மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமை, மனித மாண்போடு நடத்தப்படும் உரிமை, குறையைச் சொல்லித் தீர்வு பெறும் உரிமை ஆகியவை அச்சாசனத்தில் உள்ளன. நோயாளி பேச முடியாத நிலையில் இருக்கும்போது இவற்றையெல்லாம் அவருக்காக ஒருவர்தான் பெற வேண்டியிருக்கிறது என்பதால், துணையாளுக்கான கோரிக்கையை இந்த உரிமைகளின் மேல் நிறுத்தலாம்.

கோவிட் காலத்தில் இதைவிடத் தெளிவான ஆணை ஒன்று கிடைத்தது. கோவிட் நோயாளிகளின் சிகிச்சை பற்றித் தாமாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 19 அன்று, கோவிட் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்ட மருத்துவமனைகள் நோயாளிக்கு ஒருவர் வீதம், விருப்பமுள்ள துணையாளை, மருத்துவமனை குறித்துத்தரும் இடத்தில் இருக்க அனுமதிக்க வேண்டும் என்றும், நோயாளியின் நிலையை நேரிலும் தொலைபேசியிலும் விசாரித்து அறிய உதவி மையம் வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. படுக்கைக்கு அருகில் இருக்கலாம் என்று அந்த உத்தரவு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; வளாகத்துக்குள் குறிப்பிட்ட இடத்தில் என்றுதான் சொன்னது. நாளை வேறொரு தொற்று வரும்போது இது தானாகப் பொருந்திவிடாது. ஆனாலும், அத்தனை நெருக்கடியிலேயே துணையாளுக்கும் உதவி மையத்துக்கும் நாட்டின் உச்ச நீதிமன்றம் இடம் கண்டது என்பதை முன்மாதிரியாகக் காட்டலாம். அதே ஆண்டு ஜூலை இறுதியில், கோவிட் வார்டுகளில் உள்ள நோயாளிகள் குடும்பத்தாரோடு காணொளியில் பேசுவதற்குக் கைப்பேசியையும் டேப்லெட்டையும் அனுமதிக்குமாறு மத்தியச் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் மாநிலங்களுக்கு எழுதியது. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்கிற வார்டில் இதைப் பணிவாக நினைவூட்டலாம்.

சில நோயாளிகளுக்குச் சட்டம் இன்னும் உறுதியாக நிற்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 26-ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் சேர்க்கப்பட்டவர் நியாயமான நேரங்களில், நிலையத்தின் விதிகளுக்கு உட்பட்டு, வருகையாளரைச் சந்திக்கவோ மறுக்கவோ, தொலைபேசியில் பேசவோ மறுக்கவோ உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 18 வயது நிரம்பாதவர் சேர்க்கப்பட்டால் அவருடைய நியமனப் பிரதிநிதியோ (சட்டப்படி அவர் சார்பில் செயல்படுகிறவர்), அப்பிரதிநிதி அமர்த்தும் துணையாளோ சிகிச்சைக் காலம் முழுவதும் அவருடனேயே தங்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 8-ஆம் பிரிவு பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பைக் கோருகிறது. செய்கை மொழி தெரிந்தவர், கண் தெரியாதவரை நடத்திச் செல்கிறவர், அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் பழகிய முகம் ஆகியோரைப் பார்வையாளர் கணக்கில் சேர்ப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது என்று நீங்கள் எழுதிக்கொடுக்கலாம்.

பிரசவத்துக்கு வந்த பெண்ணின் நிலை தனி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை என்னும் ஏற்பாடு 2004-இலேயே தொடங்கிவிட்டது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்துவதற்கான மத்திய அரசின் ‘லக்ஷ்யா’ திட்டமும் அதை வலியுறுத்துகிறது. கோவிட் உச்சத்தில் இருந்தபோதும் உலகச் சுகாதார நிறுவனம், தொற்று உறுதியான பெண்ணுக்கும் அவர் விரும்பும் துணை இருக்கலாம் என்றே சொன்னது. நம் அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் பெண் உறவினரையே அனுமதிப்பார்கள். அவர் தாமே பிரசவம் கண்டவராகவும் தொற்றுநோய் இல்லாதவராகவும் இருந்தால் மறுப்பதற்குக் காரணம் குறையும். துணைக்கு நிற்கும் பெண் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு உதவப் போவதும், நர்ஸின் வேலையில் குறுக்கிடுவதும் அந்த ஏற்பாட்டையே கெடுத்துவிடும்.

மறுபக்கமும் இருக்கிறது

2018 மே மாதத்தில் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் நோய் பரவியபோது, நோயுற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது மருத்துவமனைகளிலேயே தொற்றியது. நோயாளிக்குத் துணை நின்றவர்களும், வேறு காரியமாக அங்கே வந்திருந்தவர்களும், கவனித்த நர்ஸும் அதில் உண்டு. நம் எல்லையிலிருந்து ஓரிரவுப் பயணத் தொலைவில் நடந்தது இது. நிபா நோயாளியோடு நெருங்கியிருந்தவரை 21 நாள் கண்காணிப்பில் வைப்பது வழக்கம். ஆகவே துணை நிற்கப் போகிறவர், ‘உள்ளே போனால் உடனே வெளியே வர முடியாமல் போகலாம்’ என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். கைக்குழந்தை உள்ளவர், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர், வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவரைக் கவனித்துக்கொள்கிறவர் ஆகியோர் இந்தப் பொறுப்புக்கு ஏற்றவர்கள் அல்லர். பாசம் மிகுந்தவர்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, உடல்நலமும் நிதானமும் உள்ளவர் போவது நோயாளிக்கு நல்லது.

இப்போதே எழுதி வைக்க வேண்டிய தாள்

வருகையாளரை ஏற்பதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை. உறவினருடைய உரிமை அன்று. ஆகையால் நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவர் கையெழுத்தில் ஒரு தாள் இருப்பது எல்லாவற்றையும்விட வலுவானது. ‘நான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் என்னுடன் இருக்க வேண்டியவர் இவர், இவர் இல்லாவிட்டால் அடுத்தவர் இவர், என் நிலையைப் பற்றி இவர்களிடம் மட்டும் சொல்லலாம், இன்னார் என்னைப் பார்க்க வருவதை நான் விரும்பவில்லை’ என்று நான்கு வரி போதும். கடைசி வரியைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். சொத்துத் தகராறு உள்ள வீட்டில், நெருங்கிய உறவு யார் என்பதை வாசலில் நிற்கும் செக்யூரிட்டி தீர்மானிக்கும்படி விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது ஆளின் பெயர் இந்த மாவட்டத்தில் மிக முக்கியம். தூத்தூர், சின்னத்துறைப் பகுதிகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. பல வீடுகளில் மகன் வளைகுடாவில் இருக்கிறார். கணவனோ மகனோ மட்டுமே உறவினர் என்று பதிவாகியிருந்தால், அவரை எட்ட முடியாத நாளில் அக்கா, மைனி, பக்கத்து வீட்டார் யாரும் உள்ளே போக வழியில்லாமல் நிற்பார்கள்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் நோயாளியின் குறைகளை எழுதுங்கள்: காது மெஷின், கண்ணாடி, பல்செட், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, மறதி நோய் இருந்தால் எதைச் சொன்னால் அமைதியாவார் என்பது. தொடர்புக்கு இரண்டு எண்கள் வேண்டும், அவை இரண்டு வேறு நிறுவனங்களின் சிம்மாக இருக்க வேண்டும். ஒக்கிக்குப் பிறகு பல ஊர்களில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துபோயின. ஒரே எண்ணை நம்பியவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். இந்தத் தாளின் நகல் ஒன்றைச் சேர்க்கும்போதே கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று நோயாளியின் பையில் இருக்கட்டும்.

வாசலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

அனுமதி இல்லை என்று சொல்லப்பட்டால், ‘இது அரசு உத்தரவா, மாவட்ட ஆட்சியர் உத்தரவா, ஆஸ்பத்திரியின் சொந்த முடிவா?’ என்று கேளுங்கள். குரலை உயர்த்தாமல், அண்ணே என்றோ சிஸ்டர் என்றோ விளித்துக் கேட்டாலே பாதிப் பேர் உள்ளே விசாரித்து வந்து சொல்வார்கள். இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்; ஆட்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-உம் தொற்றுக் காலத்தில் அதிகாரிகளுக்கு விரிந்த அதிகாரம் தருகிறது. அப்படிப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு என்றால் அதன் நாளையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, அதில் விதிவிலக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனையின் சொந்த முடிவு என்றால் அதைத் தளர்த்தும் அதிகாரமும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. செக்யூரிட்டியோடு போராடுவதில் பயனில்லை, அந்த அதிகாரம் அவரிடம் இல்லை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் வார்டின் டியூட்டி டாக்டர், பிறகு நிலைய மருத்துவ அலுவலர், அதன் பிறகு மருத்துவக் கண்காணிப்பாளர், கடைசியாக டீன் என்பது வரிசை. தாலுகா அரசு மருத்துவமனைகளில் தலைமை மருத்துவ அலுவலரும், அவருக்கு மேல் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரும் இருக்கிறார்கள். தனியார் மருத்துவமனை என்றால் நிர்வாகியிடம் எழுதிக்கொடுத்துவிட்டு, பயனில்லையேல் அதே இணை இயக்குநரிடம் போகலாம். தனியார் மருத்துவ நிறுவனங்களின் பதிவு அவர் அலுவலகத்தின் வழியாகத்தான் நடக்கிறது. வரிசையைத் தாண்டி நேரே மேலே போனால், ‘கீழே கேட்டீர்களா?’ என்ற கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.

கடிதம் இப்படி அமையலாம்:

‘நிலைய மருத்துவ அலுவலர் அவர்களுக்கு. ஐயா / அம்மா, பெண்கள் மருத்துவ வார்டில் இன்ன படுக்கையில், இன்ன உள்நோயாளி எண்ணில் இருப்பவர் என் தாயார். அவருக்கு வயது 78. மறதி நோய்க்கு மூன்று ஆண்டுகளாக மருந்து எடுத்துவருகிறார். பழகியவர் ஊட்டினால் தவிர உணவோ மாத்திரையோ உட்கொள்வதில்லை. இரவில் எழுந்து நடந்து விழும் அபாயமும் உண்டு. ஆகவே காலை, இரவு உணவு வேளைகளிலாவது ஒருவர் உடனிருக்க அனுமதி வேண்டுகிறேன். உடனிருக்கப் போகிறவர் என் சகோதரி, அவருக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லை, பரிசோதனைக்கும் தயார். தாங்கள் குறிக்கும் நேரம், இடம், கவச உடை ஆகியவற்றுக்குக் கட்டுப்படுவோம். அனுமதி இயலாது எனில், அதன் காரணத்தையும், மீண்டும் எப்போது பரிசீலிக்கப்படும் என்பதையும் இம்மனுவின் நகலில் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

இதில் கடைசி வாக்கியம்தான் உயிர்நாடி. வாய்மொழியாக ‘முடியாது’ என்பது எளிது. காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றால் எவரும் ஒருமுறை யோசிப்பார். நகலில் முத்திரையும் நேரமும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் வெள்ளைத்தாளில் யாரிடம், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, அதையே படமெடுத்து அனுப்புங்கள்.

ஆன்மிகத் துணைக்குத் தனியாகக் கேளுங்கள். கடற்கரை ஊர்களில் நோயில்பூசுதலுக்கு (நோயுற்றவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் கத்தோலிக்கச் சடங்கு) பங்குத்தந்தையை அழைத்துவருவது மரபு. அதைத் துணையாள் கோரிக்கையோடு கலந்து எழுதினால் இரண்டும் சேர்ந்து தள்ளிப்போகும். ஒருவர், பத்து நிமிடம், கவச உடையோடு என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது; கிடைக்காவிட்டால் நர்ஸிடம் கைப்பேசியைக் காதருகே பிடிக்கச் சொல்லிச் செபத்தைக் கேட்கச் செய்யலாம்.

வெள்ளத்திலும் விபத்திலும்

மழைவெள்ளக் காலத்தில் தடை பெரும்பாலும் மருத்துவமனையிடமிருந்து வருவதில்லை, சாலையிலிருந்து வருகிறது. அப்போது மருத்துவமனைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள உறவினரிடம் பொறுப்பைத் தற்காலிகமாக மாற்றி, அதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள். வார்டில் தண்ணீர் புகுந்து நோயாளிகளை வேறிடம் மாற்றினால் எங்கே, எந்த வண்டியில், யாருடைய பரிந்துரைச் சீட்டோடு அனுப்பினார்கள் என்பதைக் கேட்டறியும் உரிமை உங்களுக்கு உண்டு. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

பெரிய விபத்து நடந்து ஒரே நேரத்தில் பலரைக் கொண்டுவந்தால், அவசர சிகிச்சைப் பிரிவின் கதவைக் கூட்டம் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஒருவர் மட்டும் உதவி மையத்துக்குப் போய், பெயர், வயது, உடுத்தியிருந்த துணி, மச்சம், தழும்பு ஆகியவற்றைச் சொல்லி, ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். சுயநினைவில்லாமல் வந்தவர் அதில் ‘பெயர் தெரியாதவர்’ என்றே இருப்பார். மற்றவர்கள் வெளியே நிற்பதே அந்த நேரத்தில் செய்யக்கூடிய உதவி.

எந்தச் சூழலிலும் கதவைத் தள்ளுவது, ஊழியரைப் பிடித்திழுப்பது, கண்ணாடியை உடைப்பது ஆகியவற்றால் உங்கள் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. வீடியோ எடுப்பதும் பக்கத்துப் படுக்கை நோயாளியின் அந்தரங்கத்தை மீறுவதாகிவிடும்.

மறுத்தால் அடுத்தது

நேரில் அனுமதி கிடைக்காதபோது அதற்கு ஈடாக மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்: தினமும் குறித்த நேரத்தில் நோயாளியின் நிலையைச் சொல்லும் ஒரு மருத்துவரின் அழைப்பு, நோயாளியோடு காணொளியில் பேச ஒரு நேரம், பொருள்களை ஒப்படைக்க ஓர் இடம். அழைப்பு வரும்போது எழுதிவைத்துக்கொண்டு கேளுங்கள். ஆக்ஸிஜன் அளவு என்ன, சாப்பிட்டாரா, சிறுநீர் போகிறதா, புதிய மருந்து ஏதேனும் தொடங்கினார்களா என்ற நான்கு கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதும். வீட்டில் எட்டுப் பேர் எட்டு முறை வார்டுக்குப் போன் செய்தால் ஒருவருக்கும் சரியான பதில் கிடைக்காது.

அதுவும் நடக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-இல் புகாரைப் பதிவு செய்து பதிவெண்ணை வாங்கிக்கொள்ளலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது. முதியவருக்கான உதவிக்கு 14567. திங்கட்கிழமைகளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாள் கூட்டம் பிறகு பதிவு செய்வதற்குப் பயன்படும். இன்றிரவு உள்ளே போவதற்கு அது உதவாது. சட்ட உதவி எண் 15100. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரோடு, வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞர் மருத்துவமனை நிர்வாகத்தோடு பேசினாலே பல சிக்கல்கள் தீர்ந்துவிடும். தீராவிட்டால் மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது.

எல்லைக்கு அப்பால் சேர்த்திருந்தால் இங்குள்ள ஆட்சியரின் உத்தரவோ 1100 எண்ணோ அங்கே செல்லாது. கேரளத்தின் சுகாதார உதவி எண் 1056. பைஸ்டாண்டர் பாஸ் ஒருவருக்குத்தான் என்பதில் அங்கே கண்டிப்பு அதிகம். ஆள் மாறும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 2020-இல் களியக்காவிளையில் இ-பாஸ் இல்லாமல் நின்றவர்கள் அறிவார்கள்: சேர்க்கைச் சீட்டின் நகலும், சிகிச்சை அளிக்கும் மருத்துவர் துணையாள் தேவை என்று எழுதித் தந்த ஒரு வரியும் கையில் இருந்தால் சோதனைச்சாவடியில் பேச்சு சுருங்கும்.

நோயாளி இறந்துவிட்டால் எழுகிற கேள்வியையும் ஒதுக்க முடியாது. கோவிட் தொடக்கத்திலேயே, 2020 மார்ச்சில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல், உடலைத் தனிமை அறையிலிருந்து எடுக்கும் நேரத்தில் உறவினர் பாதுகாப்பு முன்னெச்சரிக்கையோடு பார்க்கலாம் என்றும், சுடுகாட்டிலோ இடுகாட்டிலோ ஊழியர்கள் உறைப்பையின் முகப்பகுதியைத் திறந்து கடைசியாக ஒருமுறை காட்டலாம் என்றும், தொடாமல் செய்யக்கூடிய திருநூல் வாசிப்பு, புனித நீர் தெளித்தல் போன்ற சடங்குகளைச் செய்யலாம் என்றும் கூறியது. குளிப்பாட்டுவதையும் முத்தமிடுவதையும் அது தடுத்தது. பில் பாக்கிக்காக உடலைத் தர மறுக்கக் கூடாது என்பது நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. யார் இருவர் வந்து முகம் பார்ப்பது, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் காணொளியைப் பிடிப்பது யார் என்பதை, மருத்துவர் நம்பிக்கை குறைவு என்று சொன்ன அன்றே வீட்டில் தீர்மானித்து டியூட்டி டாக்டரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். உறைப்பையின் ஜிப்பை மூடுவதற்கு முன்பே அந்தக் கோரிக்கை வார்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.